வேலை இல்லாதவனின் சீசன் டிக்கெட்

அடுத்தவர் என்ன வேலை பார்க்கிறார், அதை எப்படிப் பார்க்கிறார் என்று விசாரிக்காமல் இருக்க என்னால் முடியாது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் விரலில் மைக் கறை இருந்தால், அது அச்சாபீஸ் மையா, ஸ்டாம்ப் பேட் மையா என்று நான் இறங்குவதற்குள் தெரிந்தாக வேண்டும். "கண்டதுலயும் மூக்கை நுழைக்காதலே" என்று வீட்டில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டார்கள். தொண்ணூறுகளின் நடுவில், பி.காம். முடித்துவிட்டு இரண்டு வருஷம் திருநெல்வேலியில் சும்மா சுற்றிக்கொண்டிருந்தபோது என்னைக் கரையேற்றியது இந்தக் கெட்ட பழக்கம்தான். அதற்கு முன்னால் ஒரு ரயில் பெட்டி முழுக்க என் மானம் போனது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மறைத்ததால் வந்த வினைதான் எல்லாமே.

அப்பா தாலுகா ஆபீஸில் இருந்தார். கார்த்திகை மாதம் ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தபோது, என் முகத்தைப் பார்க்காமலே கெடு வைத்தார்.

"சித்திரை ஒண்ணாந்தேதிக்குள்ள ஏதாவது ஒரு வேலையில உக்காரு. இல்லேன்னா வள்ளியூருக்குப் போயிரு. பெரியப்பா கடையில ஆளு வேணுமாம்."

வள்ளியூரில் பெரியப்பாவுக்குப் பாத்திரக் கடை. நல்ல மனுஷர், ஆனால் கடையில் நிற்பவன் வாயைத் திறக்கக் கூடாது. பள்ளிக்கூட லீவில் ஒருதரம் அங்கே நின்றிருக்கிறேன். எவர்சில்வர் டம்ளர் பதினொன்று வாங்கிய ஓர் அம்மாளிடம், ஏன் பதினொன்று என்று கேட்டுவிட்டேன். நடுக்கடையில் வைத்து நறுக்கென்று தலையில் ஒரு குட்டு. அந்த அம்மாள் பதில் சொல்லாமலே போய்விட்டாள், இன்று வரை எனக்கு அது தெரியாது. ஆயுசு முழுக்க அப்படி வாயைப் பொத்திக்கொண்டு டம்ளர் எடுத்துக் கொடுப்பது என்னால் ஆகாத காரியம்.

ஜங்ஷன் பக்கத்தில் ஒரு டீக்கடை எங்கள் ஜமா கூடும் இடம். ஐந்து பேர், ஐந்து பேருக்கும் வேலை கிடையாது. ஒரே பேப்பரை ஐந்து பேரும் புரட்டுவோம், ஒரே விளம்பரத்துக்கு ஐந்து பேரும் மனு போடுவோம். வேலைவாய்ப்பு ஆபீஸில் பதிவைப் புதுப்பிக்கப் போனாலும் ஒன்றாகத்தான் போவோம். ஒருநாள் வரிசையில் நிற்கும்போது சட்டென்று உறைத்தது. எனக்குத் தெரிந்தவர்கள் எல்லாரும் வேலை இல்லாதவர்கள், அவர்களுக்குத் தெரிந்தவனும் நான்தான். இந்த வட்டத்துக்குள் வேலையைப் பற்றிய சேதி எப்படி நுழையும்? சரி, வேலை இருக்கிறவர்கள் எல்லாம் எங்கேதான் உட்கார்ந்து பேசுகிறார்கள்?

விடை சில நாளிலேயே கிடைத்தது. அத்தையைத் திருச்செந்தூர் பாசஞ்சரில் ஏற்றிவிடக் காலையில் ஸ்டேஷனுக்குப் போயிருந்தேன். டிபன் பையோடு ஆட்கள் ஓடி வந்து, சொந்த வீட்டுக்குள் நுழைவது மாதிரி அவரவர் இடத்தில் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்ததுமே பேச்சுத் தொடங்கிவிட்டது. மேனேஜரைத் திட்டினார்கள், மாற்றலைப் பற்றிப் பேசினார்கள், யார் எப்போது ரிட்டயர் ஆகிறார் என்று விரல் விட்டுச் சொன்னார்கள். எனக்கு நாக்கில் எச்சில் ஊறியது. டியூஷன் எடுத்த காசில் மறுநாளே, உப்பளமும் கம்பெனிகளும் உள்ள ஆறுமுகனேரிக்கு ஒரு மாத சீசன் டிக்கெட் எடுத்தேன். நண்பர்கள் கேட்டுவிட்டு, "ஒனக்குக் கிறுக்குப் புடிச்சிட்டு வே" என்றார்கள்.

அதிர்ஷ்டம் முதல் வாரமே வந்தது. ஜன்னலோரத்து வரிசை ஒன்றில் மூன்று பேர், முழங்கால்களுக்குக் குறுக்கே ஒரு துண்டை விரித்துக்கொண்டு, கையில் சீட்டுக்கட்டோடு முழித்துக்கொண்டிருந்தார்கள். இருபத்தெட்டு ஆட நாலு கை வேண்டும். நாலாவது ஆள் மாற்றலாகிப் போயிருந்தார். மூவரில் மூத்தவர் என்னைப் பார்த்தார்.

"தம்பி, இருபத்தெட்டு தெரியுமா?"

"தெரியும் அண்ணாச்சி."

"அப்ப இங்கன வந்து உக்காரு. எதுவர போற?"

"ஆறுமுகனேரி."

"கம்பெனியா?"

"ம்" என்றேன்.

அவ்வளவுதான். எந்தக் கம்பெனி, என்ன வேலை என்று அவர் கேட்கவில்லை. அந்த ரயிலில் அப்படி ஒரு மரியாதை உண்டு. தன் ஆபீஸை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டலாம், அடுத்தவன் ஆபீஸைக் கிண்ட மாட்டார்கள். நாளைக்குச் சரியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்துத் துண்டின் ஒரு முனையை என் முழங்காலில் இழுத்துவிட்டுக்கொண்டேன்.

அண்ணாச்சி ஓர் உப்புக் கம்பெனியில் தலைமை எழுத்தர். மற்ற இருவரில் ஒருவர் குரும்பூரில் இறங்கும் வங்கிக்காரர், இன்னொருவர் நாசரேத்தில் இறங்கும் டிரில் மாஸ்டர். சீட்டில் நான் சுமார்தான். "துருப்பக் கையில வச்சுக்கிட்டு முழிக்கான் பாரு" என்று டிரில் மாஸ்டர் தினமும் ஒரு தடவையாவது தலையில் அடித்துக்கொள்வார். ஆனால் கேள்வி கேட்பதில் நான் புலி. வெயில் இல்லாத நாளில் உப்பு எப்படிக் காய்கிறது? காற்றுக்குத்தான் காயுது என்றார் அண்ணாச்சி. மழைக்காலத்தில் உப்புக் குவியலுக்கு ஏன் பனையோலை போட்டு மூடுகிறார்கள், தார்ப்பாய் ஆகாதா? அத்தனை உப்பையும் ஏற்ற லாரி எங்கிருந்து வருகிறது? தூத்துக்குடி துறைமுகத்துக்குச் சரக்குக் கொண்டுவந்த லாரி வெறும் வண்டியாகத் திரும்ப விரும்பாது, போகிற வழிக்கு உப்பு ஏற்றிக்கொள்ளும் என்று அவர் சொன்ன அன்று எனக்கு ராத்திரிச் சாப்பாடே ஞாபகமில்லை. உலகம் இப்படியெல்லாம் ஓடுகிறதா என்று ஒரே ஆச்சரியம்.

ஆறுமுகனேரியில் இறங்கியதும் அண்ணாச்சி ஸ்டேஷனில் போட்டிருந்த சைக்கிளை எடுத்துக்கொண்டு உப்பளத்துப் பக்கம் போவார். நான் பெரிய உத்தியோகஸ்தன் மாதிரி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு எதிர்ப் பக்கம் நடப்பேன். நடந்து, லாரிகள் நிற்கும் டீக்கடையில் போய் உட்கார்ந்து டிரைவர்களைப் பிடித்துக்கொள்வேன். சேலத்து டிரைவர், கேரளத்து டிரைவர், யார் எந்த வழியாகப் போவார், எந்தத் திருவிழாவுக்கு வண்டியை நிறுத்திவிட்டு ஊருக்குப் போவார் எல்லாம் அத்துப்படி. மத்தியானம் அம்மா கட்டிக்கொடுத்த புளியோதரை, சாயங்காலம் திரும்பும் வண்டி. மார்கழி போயிற்று, தையும் மாசியும் போயின. மூன்றாவது சீசன் டிக்கெட்டும் தேய்ந்தது.

எனக்கு வேலை இல்லை என்பதைச் சொல்லக் கூடாதென்று இல்லை. தினமும் சொல்லத்தான் கிளம்புவேன். செய்துங்கநல்லூரில் சொல்லிவிடலாம் என்று இருப்பேன், அந்த நேரம் பார்த்து வங்கிக்காரர் இட்லியும் மிளகாய்ப் பொடியும் நீட்டுவார். ஒருவர் இட்லியை மென்றுகொண்டே அவரிடம் நான் சொன்னது பொய் என்று எப்படிச் சொல்வது? ஸ்ரீவைகுண்டம் வரும், ஆழ்வார்திருநகரி வரும், என் தைரியம் எங்கும் ஏறவே ஏறாது.

பங்குனி பிறந்தது, நாலாவது டிக்கெட்டும் எடுத்தாயிற்று. வள்ளியூருக்கு இன்னும் ஒரு மாதம். ஒரு காலையில் அண்ணாச்சி சீட்டைக் குலுக்கிக்கொண்டே பெருமூச்சு விட்டார்.

"ஒரு வழியா எங்க டெஸ்பாச்சுக்கு ஆளு போட்டாச்சு வே. ஒரு மாசமா நாய் படாத பாடு."

"என்ன வேலை அண்ணாச்சி அது?" என்றேன். கேட்காமல் இருக்க முடியுமா?

"லாரி புடிக்கணும், டிரைவர்மாருகிட்டப் பேசணும், லோடு அனுப்பணும். பி.காம். படிச்சவனாத் தேடுனோம். கெடைக்காம முந்தாநேத்துதான் யாரோ ஒரு பயலப் போட்டிருக்கு."

கையில் இருந்த சீட்டு எனக்குத் தெரியவில்லை. மூன்று மாதமாக அவர் முழங்காலும் என் முழங்காலும் ஒரே துண்டுக்குக் கீழே!

"எனக்கு வேலை கெடையாது அண்ணாச்சி."

"இன்னைக்கு லீவாடே?" என்றார் வங்கிக்காரர்.

"இல்ல சார். என்னைக்குமே."

யாரும் சிரிக்கவில்லை. அண்ணாச்சி சீட்டைக் கீழே வைத்தார்.

"ஏலே, வேலை இல்லாமயா தெனமும் ஆறுமுகனேரிக்கு வந்துட்டுப் போற? எதுக்கு?"

"உங்கள மாதிரி ஆளுங்களோட பழகுனா ஏதாவது வேலை தெரியவரும்னு…"

"பழகுதவன் அதச் சொல்லாண்டாமால?" குரல் உயர்ந்தது. பெட்டி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. "உப்பு எப்படிக் காயுது, ஓல எதுக்கு, லாரி எங்கருந்து வருதுன்னு என் தொண்டத் தண்ணி வத்துற வர கேட்ட. எனக்கு வேலை வேணும்னு ஒரு வார்த்தை சொல்ல வாயில்லையால ஒனக்கு? நாங்க என்ன ஒன்னயக் கடிச்சா திங்கப் போறோம்?"

"விடும் வே" என்றார் டிரில் மாஸ்டர். அண்ணாச்சி விடவில்லை. நாலு பேர் முழங்காலிலிருந்தும் துண்டை உருவி, மடித்து, பைக்குள் வைத்துக்கொண்டார். அன்றைக்கு ஆட்டம் அதோடு சரி. இறங்கியபோது திரும்பிப் பார்க்காமல் சைக்கிளை எடுத்துப் போய்விட்டார். நான் வெட்கத்தில் செத்தேன்.

மறுநாள் என் இடத்தில் அவருடைய டிபன் பை இருந்தது. நான் போய்க் கதவோரம் நின்றுகொண்டேன். டிக்கெட்டில் நாள் மிச்சம் இருந்தது, அதற்காகத்தான் போனேன் என்று அப்போது எனக்கே சொல்லிக்கொண்டேன். ஆனால் வேடிக்கையைப் பாருங்கள், அந்த வாரம்தான் சேதியாக வந்து கொட்டியது. வங்கிக்காரர் இறங்கும்போது, குரும்பூரில் ஓர் உரக்கடையில் ஆள் தேடுவதாகக் காதில் போட்டுவிட்டுப் போனார். டிரில் மாஸ்டர் பள்ளிக்கூட ஆபீஸில் ஓர் இடம் காலியாகப் போகிறது என்றார். முன்பின் பேசியிராத ஒருவர், தூத்துக்குடியில் தன் மச்சான் கம்பெனியின் விலாசத்தை சிகரெட் அட்டையில் எழுதி நீட்டினார். மூன்று மாதம் பழகிக் கிடைக்காதது, மூன்று நிமிஷ வசவில் கிடைத்தது.

நாலாம் நாள் ஒருவர் கதவோரம் வந்தார். மேலப்பாளையத்துக்காரர், ஐம்பது வயது இருக்கும். அந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை.

"நீ என்னயப் பாத்திருக்க மாட்டே. ஒன் முதுகுக்குப் பின்னாடிதான் தெனமும் உக்காந்து வாரேன்" என்றார். "ஆறுமுகனேரியில லாரி புக்கிங் ஆபீஸ் வச்சிருக்கேன். லாரியப் பத்தி நீ கேக்குத கேள்விய எல்லாம் கேட்டு, எவனோ போட்டிக்கு ஆபீஸ் தொறக்கப் போறான், துப்பு எடுக்க வாரான்னு நெனச்சு எனக்கு மூணு மாசமா ஒறக்கமில்ல. வேலை இல்லாத பயதானா நீ?"

"ஆமா பாய்."

"உத்திரத்துக்கு ஊருக்குப் போன டிரைவரு எத்தன நாள்ல திரும்புவான்?"

"சேலத்து ஆளுன்னா நாலு நாளு. கேரளத்து ஆளுங்க போகவே மாட்டாங்க."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்ஷா அல்லா, திங்கக்கெழம வந்துரு" என்றார்.

அப்பாவிடம் சொன்னபோது, "லாரி ஆபீஸா?" என்று முகம் சுளித்தார். ஆனாலும் அன்று சாயங்காலமே பெரியப்பாவுக்கு, பையன் வரமாட்டான் என்று கார்டு எழுதிப் போட்டுவிட்டார்.

திங்கட்கிழமை ரயில் ஏறினேன். அண்ணாச்சி என்னைப் பார்த்தார். டிபன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். உட்கார்ந்தேன். துண்டு விரிந்தது. பாளையங்கோட்டை தாண்டும்வரை பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை.

"எம்மேல கோவம் போயிட்டா அண்ணாச்சி?"

"ஒம்மேல என்னலே கோவம்? எம்மேலதான்." அவர் சீட்டைப் பிரித்துப் போட்டுக்கொண்டே இருந்தார். "டெஸ்பாச்சுக்கு எப்படிப்பட்ட ஆளு வேணும்னு முதலாளி கேட்டாரு. ரயில்ல ஒரு பய வாரான், கேட்டுக் கேட்டே நம்ம தொழில் முழுசும் தெரிஞ்சு வச்சிருக்கான், அவன மாதிரி ஒருத்தன் வேணும்னேன். அப்ப அவனையே கூப்பிடும்னாரு. அவனுக்குத்தான் வேலை இருக்கேன்னு நாந்தான் சொன்னேன்."

மூன்று மாதத்தில் அவரிடம் நான் கேட்ட கேள்விகளுக்கு எண்ணிக்கை கிடையாது. ஒவ்வொன்றுக்கும் உள்ளது உள்ளபடி பதில் சொன்னவர் அவர். என் வேலையைப் பற்றி அவர் என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்விதான், "கம்பெனியா?" அந்த ஒன்றுக்குத்தான் நான் பொய் சொல்லியிருந்தேன்.