எங்க போன்ல முதல்ல வருதே!

நாலு சக்கர சூட்கேஸில் ஒன்று உடைந்தால் மிச்சம் மூன்றில் சமாளிக்கலாம் என்று அதைக் கண்டுபிடித்தவர் நினைத்திருப்பார். பாவம், அவர் அதை இழுத்துப் பார்த்ததில்லை. மூன்று சக்கரப் பெட்டி இடது பக்கம்தான் போவேன் என்று அடம் பிடிக்கும். இழுப்பவர் நடுரோட்டில் நின்று அதோடு மல்லுக்கட்டுவார். அந்தச் சண்டையைத் தீர்த்துவைப்பவர் சக்கரக்கா. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. அது ரேஷன் கார்டு, ஆதார் மாதிரியான இடங்களில் ஓய்வெடுக்கிறது.

முன்பு அவர் சூட்கேஸ் விற்கும் ஒரு பெரிய கடையின் பின்கட்டில் ரிப்பேர் வேலை பார்த்தார். வேலை என்றால், ரிப்பேர் செய்வதில்லை. "இது தேறாது, புதுசு வாங்கிக்கோங்க" என்று சொல்வதுதான் வேலை. தேறும் பெட்டியைப் பார்த்துத் தேறாது என்று சொல்ல சக்கரக்காவுக்கு நாக்கு வளையவில்லை. ஒருநாள் கும்பிடு போட்டுவிட்டு வெளியே வந்தார். முதலாளி கோபப்படவில்லை. "எப்ப வேணா திரும்பி வாம்மா, கதவு திறந்தேதான் இருக்கும்" என்றார். வாழ்த்து மாதிரி இருந்தது, சாபம் மாதிரிக் கேட்டது.

சக்கரக்கா பிடித்தது மாடியில் ஒரு சின்ன அறை. பக்கத்து அறையில் பல் டாக்டர். ஒரு வருட ஒப்பந்தம். வருடக் கடைசியில் கட்டட மேனேஜர் மேலே வந்து, "இருக்கீங்களா, காலி பண்றீங்களா?" என்று கேட்பார். அதற்குள் ஆட்கள் வராவிட்டால், திறந்தே இருக்கும் அந்தக் கதவுதான் கதி.

மாடியில் கடை இருப்பது தெருவில் போகிறவருக்குத் தெரியாது. ஆகவே போனில் தேடுகிறவருக்காவது தெரிய வேண்டும். இந்தக் கட்டத்தில்தான் கொழுந்தன் களத்தில் குதித்தார். செல்போன் உறை விற்பவர். அதனால் செல்போனுக்குள் நடப்பதெல்லாம் தெரியும் என்பது அவர் கட்சி.

"அண்ணி, ஃபேஸ்புக், இன்ஸ்டா எல்லாத்துலயும் ஏத்திடறேன். லைக் விழ விழ, தேடுறவங்களுக்கு நம்ம கடைதான் முதல்ல வரும்."

"ஏத்து தம்பி. என்ன பேர்ல?"

"ஒரே பேர்ல வச்சா ஒரு தடவைதான் வரும். பல பேர்ல வச்சா பல தடவை வரும்ல?"

இந்த ஞானத்தின்படி கடை ஓரிடத்தில் 'ராயல் லக்கேஜ் ஹாஸ்பிடல்', இன்னோரிடத்தில் 'பெட்டி குயின்', மற்றோரிடத்தில் 'சர்வதேசச் சக்கர மையம்' ஆனது. ஓரிடத்தில் கடை போன் நம்பர், ஓரிடத்தில் வீட்டு நம்பர். பழைய முதலாளியே தேடியிருந்தாலும் தனக்கு மூன்று போட்டியாளர்கள் முளைத்துவிட்டதாக அரண்டுபோயிருப்பார்.

அடுத்து, குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு உத்தரவு போனது: எல்லோரும் தினமும் கடையைத் தேட வேண்டும், தொட வேண்டும், லைக் போட வேண்டும். சித்தி, பெரியப்பா, நாத்தனார், நாத்தனாரின் சம்பந்தி வரை கடமை தவறவில்லை. பெரியப்பா காலைக் காபிக்கு முன் ஒன்று, பின் ஒன்று. கொஞ்ச நாளிலேயே பலன் தெரிந்தது. எல்லார் போனிலும் கடை முதலிடம்! கணவர் பஸ் ஓட்டுநர், சாதாரணமாக ஹாரனைத் தவிர எதிலும் உற்சாகம் காட்டாதவர். அவரே, "டேய், சாதிச்சுட்டடா!" என்று தம்பியின் முதுகில் தட்டினார்.

ஒரு குறைதான். பெட்டிகள் வரவில்லை.

வந்த முதல் பெட்டியும் தவறிப்போய் வந்தது. விமானத்தில் பணிப்பெண்ணாக இருப்பவர், பல் வலிக்காக மாடி ஏறியவர், கதவு மாறி உள்ளே வந்துவிட்டார். கையில் சக்கரம் உடைந்த பெட்டி.

"அடப்பாவமே! இதைச் சரி பண்ண எத்தனை நாளா ஆள் தேடறேன் தெரியுமாக்கா? ஊர்க்கோடிக்கெல்லாம் அலைஞ்சேன்."

"எங்க போன்ல முதல்ல வருதே!" என்றார் சக்கரக்கா.

அந்தப் பெண் தன் போனில் தேடினார். முதல் பக்கத்தில் இல்லை. அடுத்ததில் இல்லை. அதற்கும் அடுத்ததில் ஒரு நாய்க்குட்டி விற்கும் கடை இருந்தது, சக்கரக்கா இல்லை.

"உங்க போன் உங்களை மாதிரிக்கா. நீங்க தினமும் எங்க போறீங்கன்னு பாத்து வச்சிக்கிட்டு, அதையே முதல்ல காட்டும். ஊரான் போனுக்கு உங்களைத் தெரியாது."

சக்கரக்கா அன்று அந்தப் பெட்டிக்குச் சக்கரம் மாட்டினாரே தவிர, முகத்தில் ஈயாடவில்லை. அத்தனை நாள் மொத்தக் குடும்பமும் கண்ணாடி முன்னால் நின்று கைதட்டியிருக்கிறது. ஆனால் வேலை முடிகிற நேரத்தில் ஒன்று கேட்டார். அதுதான் அவருடைய வாழ்க்கையைத் திருப்பிய கேள்வி.

"நீ தேடும்போது என்னன்னு அடிச்சே?"

"'சூட்கேஸ் சக்கரம் உடைஞ்சா மாத்த முடியுமா'ன்னு."

பெட்டி குயின் என்று அடிக்கவில்லை. யாரும் அடிக்க மாட்டார்கள்.

அன்று சாயங்காலமே கொழுந்தனை அழைத்தார். "தம்பி, குயினை இறக்கு. ஹாஸ்பிடலை மூடு. சக்கரக்கா, அவ்வளவுதான் பேரு. எல்லா இடத்துலயும் ஒரே விலாசம், ஒரே நம்பர்."

"அண்ணி, ஒரு கெத்து வேணாமா?"

"கெத்தை நீ வச்சுக்கோ. எனக்குப் பெட்டி வேணும்."

அதன்பின் வந்த ஒவ்வொருவரிடமும், "என்னன்னு தேடுனீங்க?" என்று கேட்டார். 'பூட்டு நம்பர் மறந்துபோச்சு', 'ஜிப் பாதியில நிக்குது', 'கைப்பிடி மேல வரமாட்டேங்குது'. சொன்ன வார்த்தையையே தலைப்பாக வைத்துச் சின்னச் சின்ன வீடியோ. கொழுந்தன் பின்னணி இசையும் புகையும் கேட்டார். சக்கரக்கா, "என் கை தெரிஞ்சா போதும்" என்றார். தெருவிலிருந்து படியேறிக் கடைக்கு வருவதையும் ஒரு வீடியோவாக எடுத்துப் போட்டார்கள்.

விமானப் பெண் அதைத் தன்னோடு வேலை பார்ப்பவர்களின் குழுவில் பகிர்ந்தார். பெட்டியோடேயே வாழ்கிற கூட்டம் அது. அவர்களில் ஒருவர் பயணக் குறிப்புகள் எழுதும் தளத்தில் கடைக்கு இணைப்பு கொடுத்தார். அக்கம்பக்கத்தார் குழுவில் யாரோ "பெட்டி ரிப்பேர் எங்கே?" என்று கேட்டால், முன்பின் தெரியாத இன்னொருவர் பதில் சொன்னார். லைக்கை எண்ணிக்கொண்டு கிடந்த கடைக்கு, ஊர் வாய் வேலை செய்ய ஆரம்பித்தது. தேடுபொறியும் ஊர் வாயைத்தான் ஒட்டுக் கேட்கிறது போலும்.

முன்னேற்றத்தை அளக்கச் சொந்தக்காரர் போன் உதவாதே? பக்கத்தில்தான் பல் டாக்டரின் நோயாளிகள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்களே! கன்னம் வீங்கி, வாயில் பஞ்சு வைத்து, மறுத்துப் பேச முடியாதவர்கள்.

"உங்க போன்ல ஒண்ணு தேடிப் பாக்கறீங்களா?"

"ம்ம்ம்."

"எங்கே வருது? ரெண்டாவது பக்கமா? நன்றிங்க, பல்லைப் பாத்துக்கோங்க."

டாக்டர் ஒருநாள் எட்டிப் பார்த்து, "என் பேஷன்ட்டை நீங்க டெஸ்ட் பண்றீங்களா?" என்றார். "வலி தெரியாமத்தான் டாக்டர்" என்று பதில் வந்தது.

மெல்ல மெல்ல நோயாளிகள் முதல் பக்கத்தைக் காட்டத் தொடங்கினார்கள். முதலிடம் இல்லை. முதலிடத்தில் பழைய முதலாளியின் கடை இருந்தது. ஆனால் அறையின் மூலையில் பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக நின்றன.

வருடக் கடைசியில் மேனேஜர் ஒப்பந்தத் தாளோடு வந்தார்.

"என்னம்மா, இருக்கீங்களா, காலி பண்றீங்களா?"

"சார், உங்க போன் குடும்பத்துக்கு வெளிய உள்ள போன். 'பெட்டி ரிப்பேர்'னு தேடிச் சொல்லுங்க, நானும் சொல்றேன்."

அவர் சலித்துக்கொண்டே தேடினார். மூன்றாவதாக வந்தது. தொட்டதும் படியேறும் வீடியோ ஓடியது. தன் கட்டடத்தை அப்படிப் பார்த்ததில்லை போலிருக்கிறது, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கீழே இருந்த கருத்துகளை வாசித்தார். 'வேலை அருமை.' 'அக்கா பொய் சொல்றதில்ல.' 'கடை சூப்பர், படியில லைட்டே இல்ல, கட்டடக்காரங்க தூங்குறாங்களா?' அதற்கு எக்கச்சக்கமான லைக்.

மேனேஜரின் குரல் இறங்கியது. "இதை... எல்லாரும் பாக்கறாங்களா?"

"உங்க போன்லயே வருதே சார்."

"நாளைக்கே லைட் போட்டுடறேன்மா."

"போடுங்க. போட்டதும் அதையும் ஒரு வீடியோ எடுத்துடலாம்" என்ற சக்கரக்கா, எண்ணெய்க் கையைத் துடைத்துவிட்டுப் பேனாவுக்குக் கை நீட்டினார். "கையெழுத்து எங்க போடணும் சார்?"