மோவாய் முடிக்கு ஒரு மொட்டை

குடிபாலாவில் எங்கள் வீட்டுப் பின்புறம் வைத்து, மஞ்சள் பூசி, கால் தேய்க்கிற கல்லால் அம்மா என் மோவாய் முடியைத் தேய்த்தாள். நைனா என் கைகளை முதுகுக்குப் பின்னால் முறுக்கிப் பிடித்திருந்தார். ஸ்ரீசிட்டியில் செல்போன் கம்பெனியில் வேலை செய்து சொந்தக் காலில் நிற்கிற பெண் நான். மஞ்சளோடு ரத்தமும் கழுத்தில் வழிந்தது. அவள் கையைக் கடித்தேன். கல்லாலேயே வாயில் குத்தினாள்.

மாதவிலக்கு மாதக்கணக்கில் வராது. மோவாயில் கறுகறுவென்று முடி. தலையிலோ வகிடு அகலமாகிக்கொண்டே போனது. எல்லாவற்றுக்கும் அம்மாவிடம் ஒரே காரணம்தான். குழந்தையில் எனக்குத் திருப்பதி மொட்டை வேண்டிக்கொண்டு போடாமல் விட்டார்களாம். "குடுக்காத முடிய சாமி மூஞ்சில வளக்குறாரு" என்றாள். மறுவாரமே மலைக்கு இழுத்துக்கொண்டு கிளம்பினாள். இருக்கிற கொஞ்ச முடியும் போய்விட்டால் நான் வெளியே தலைகாட்டுவது எப்படி? என் தலையில் கத்தி வைப்பவனை அதே கத்தியால் குத்துவேன் என்று பஸ்ஸிலேயே சொல்லிவிட்டேன்.

திருப்பதியில் இறங்கும்போது மோவாய்ப் புண் சீழ் பிடித்து வீங்கியிருந்தது. அதற்கு மருந்து போடத்தான் ஒரு பெண் டாக்டரிடம் நுழைந்தோம். அவர் மோவாய் முடியைப் பார்த்து, மாதவிலக்கைப் பற்றியும் விசாரித்துவிட்டு ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் செய்யச் சொன்னார். முடிவைப் பார்த்துவிட்டு, பிசிஓஎஸ் என்கிற சினைப்பைக் கோளாறு என்றார். ஆண் ஹார்மோன் எல்லாப் பெண்களுக்கும் கொஞ்சம் சுரக்குமாம். என் உடம்பு இன்சுலினுக்கு மசியாததால் இன்சுலின் அளவுக்கு மிஞ்சிச் சுரக்கிறது. அதுவும் மூளைக்கடியில் இருக்கும் பிட்யூட்டரியின் ஹார்மோனும் சேர்ந்து சினைப்பையை விரட்ட, அது ஆண் ஹார்மோனைக் கூட்டிவிடுகிறது. அதைக் கட்டிவைக்கும் புரதத்தையும் கல்லீரல் குறைத்துவிடுகிறது. மோவாயில் முளைப்பதும் உச்சியில் உதிர்வதும் இதனால்தான்.

"மொட்டை போட்டா இது போகாதும்மா. உங்க வம்சத்துல வேற யாருக்காச்சும் இருக்கா?" என்று டாக்டர் கேட்டார்.

"யாருக்கும் இல்ல" என்றாள் அம்மா.

அப்போதுதான் அவளை உற்றுப் பார்த்தேன். மஞ்சள் பூச்சுக்குக் கீழே மோவாய் தேய்ந்து கறுத்திருந்தது. முந்தானையை விலக்கி அவள் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினேன். ஓங்கி அறைந்தாள். நானும் அறைந்தேன். அதற்காக இன்றும் எனக்கு வெட்கமில்லை.

தரையில் உட்கார்ந்து அழுதாள். "கல்யாணமான நாள்லேர்ந்து, விடியறதுக்குள்ள எந்திரிச்சி தேச்சிக்கினுதான்டி உங்க நைனாகூட குடித்தனம் பண்றேன்."

மலைக்கு அவள் மட்டும் போனாள். நான் சத்திரத்தில் டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரைகளைத் தொடாமல் படுத்துக்கிடந்தேன். மறுநாள் மொட்டைத் தலையில் சந்தனத்தோடு வந்து நின்றவள், "ஒன்னுதையும் சேத்து நானே குடுத்துட்டேன். நீ மாத்திரையத் துன்னு" என்றாள்.