வெளங்கிச்சு டீச்சர்!

வட்டகொடைக்கு மேலே, பழைய துரை பங்களா ஒன்றில் நடந்த ஆண்கள் விடுதிப் பள்ளியில் நான் சில வருடங்கள் கணக்கு டீச்சராக இருந்தேன். பையன்களுக்குப் படைப் பயிற்சி கொடுத்துப் பல்கலைக்கழகத்துக்குத் தயார் செய்கிற இடம் என்று வாசல் பலகையில் எழுதியிருந்தது. படைப் பயிற்சி மைதானத்தில் நடந்தது. பல்கலைக்கழகம் பலகையோடு நின்றுவிட்டது.

அதிபர் கொஞ்சக் காலம் ராணுவத்திலும் நெடுங்காலம் தோட்டத்துத் துரையாகவும் இருந்தவர். இரண்டு உத்தியோகத்திலும் அவர் கற்றுக்கொண்டது ஒன்றுதான். விடிந்ததும் எல்லாரையும் வரிசையில் நிறுத்தி எண்ணிவிட்டால் அன்றைய வேலை பாதி முடிந்த மாதிரி. காலை அணிவகுப்பைப் பையன்கள் பெரட்டு என்றுதான் சொல்வார்கள். கொழுந்து பறிக்கப் போகுமுன் தோட்டத்தில் ஆள் எண்ணுகிறார்களே, அதே பெரட்டு. நம் மகனாவது இந்தப் பெரட்டிலிருந்து தப்பட்டும் என்று லயத்து வரிசை வீடுகளிலிருந்து அம்மாக்கள் அனுப்பிவைத்த பிள்ளைகள் இங்கே வந்து பெரட்டுக்கு நின்றார்கள். முன்னேற்றமே இல்லை என்று சொல்ல முடியாது. பிள்ளைகள் காலில் சப்பாத்து இருந்தது.

எனக்குக் கிடைத்தது பதினோராம் வகுப்பு. முதல் நாள் பாடத்தை முடித்துவிட்டு, "வெளங்கிச்சா?" என்று கேட்டேன்.

"வெளங்கிச்சு டீச்சர்!"

தகரக் கூரை அதிர்ந்தது. நானும் லயத்தில் பிறந்து வளர்ந்தவள்தான். யாரும் என்னிடம் இவ்வளவு சத்தமாக எதையும் ஒப்புக்கொண்டதில்லை. கற்பிப்பதில் நான் ஒரு மேதை என்ற எண்ணத்தோடு அன்று பஸ் ஏறினேன். முதல் பரீட்சை வரை அந்த எண்ணம் சுகமாகத்தான் இருந்தது.

மறை எண்ணை, அதாவது மைனஸை, மறை எண்ணால் பெருக்கும் கணக்குக்கு வகுப்பு முழுவதும் பிழையான விடை எழுதியிருந்தது. அதுவும் ஒரே பிழை. பார்த்து எழுதினார்கள் என்று கொதித்துப்போய், கெட்டிக்காரனாகத் தெரிந்த ஒருவனைப் பிடித்து விசாரித்தேன்.

"சார்ஜன் அப்படித்தான் சொல்லித் தந்தாரு டீச்சர்."

சார்ஜன் என்றால் வகுப்புத் தலைவன். அவனும் அதே வகுப்புப் பையன்தான்; சட்டைக் கையில் மூன்று பட்டி தைத்திருக்கும். மாலைப் படிப்பு நேரத்தில் பாடத்தைத் திரும்பச் சொல்லிக்கொடுப்பது அவன் பொறுப்பு.

"அது பிழைன்னு உனக்குத் தெரியலையா?"

"பிழைதான் டீச்சர். ஆனா சார்ஜன் சொன்னாருங்களே."

பிறகுதான் பள்ளியின் சட்டம் எனக்கு விளங்கியது. ஒருவனுக்கு விளங்கவில்லை என்றால் வகுப்பே மைதானத்தைச் சுற்றி ஓட வேண்டும். விளங்காதவன் தலைவனாக இருந்தால் பட்டியும் போய்விடும். இப்படி ஒரு சட்டம் இருந்தால் யாருக்குத்தான் விளங்காது? எனக்கே எல்லாம் விளங்கியிருக்கும்.

விடைத்தாள்களை அதிபரிடம் கொண்டுபோனேன். அவர் முகம் மலர்ந்தது. "எல்லாருக்கும் ஒரே விடை! ஒழுக்கம்னா இதுதான் டீச்சர்."

"ஒருத்தரும் கேள்வி கேக்க மாட்டேங்கிறாங்க சார்."

"அவ்வளவுதானா? ஓடர் போட்டுடுறேன்."

போட்டார். இனிப் பாடம் முடிந்ததும் மாணவர்கள் கேள்வி கேட்க வேண்டும். மறுநாள் பாடம் முடிந்ததும் எல்லாரும் விறைப்பாக எழுந்து, மார்பை நிமிர்த்தி, ஒரே குரலில் கேட்டார்கள்: "டீச்சர், நாங்கள் மேலும் முன்னேற என்ன செய்ய வேண்டும்?" கேட்டுவிட்டு உட்கார்ந்தார்கள். பதிலுக்குக் காத்திருக்கச் சொல்லி ஓடரில் இல்லை.

அன்று மாலை தூறல். மரத் துப்பாக்கியோடு வாசல் காவலில் சார்ஜன் நின்றான். நான் கடந்துபோகும்போது, பார்வையை எதிர்மலையிலிருந்து எடுக்காமல், உதடு அசையாமல் கேட்டான்.

"டீச்சர், மைனஸ மைனஸால பெருக்குனா ஏன் பிளஸ் வருது?"

அந்தப் பள்ளியில் என் காதில் விழுந்த முதல் உண்மையான கேள்வி. சந்தோஷத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. தூறல் புண்ணியத்தில் யாருக்கும் தெரியவில்லை.

"மைனஸ்னா ஒரு அபவுட் டேர்ன்னு வச்சுக்க. ரெண்டு தடவை போடு, பாப்போம்."

எதிர்மலைக்கு முதுகைக் காட்டித் திரும்பினான். மறுபடி திரும்பினான். முன்பு பார்த்த அதே மலையையே பார்த்துக்கொண்டு நின்றான். காவலாளி சிரிக்கக் கூடாது. சிரித்துவிட்டான்.

பதினோராம் வகுப்பு முடிவில் வரும் சாதாரணதரப் பரீட்சையில் கணக்கில் சித்தியடையாவிட்டால் உயர்தரம் படிக்க முடியாது. பொல்பிட்டிய மின்நிலையத்தை ஒருமுறை பார்த்துவிட்டு வந்ததிலிருந்து அவனுக்கு எஞ்சினியர் ஆசை. வகுப்பில் வாயைத் திறந்தால் பட்டி போகும். திறக்காவிட்டால் மின்நிலையம் போகும். காவல் முறை போடுவது அவன்தான் என்பதால் தினமும் வாசலில் தன்னையே போட்டுக்கொண்டான். துப்பாக்கிக் கட்டையால் ஈரமண்ணில் முக்கோணம் கீறுவான். நான் குடையைச் சாய்த்துக்கொண்டு சொல்லிக்கொடுப்பேன். பஸ் என்னை விட்டுவிட்டுப் போகும். மாலையில் அவன் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதும் சரியாக வர ஆரம்பித்தது.

நல்லது நீடித்தால் அது பள்ளிக்கூடமா? அதிபர் விறாந்தையிலிருந்து பார்த்துவிட்டார். காவலில் பேச்சு, அதுவும் டீச்சரோடு! மறுநாள் வாசலில் சம்பளத்துக்கு ஒரு வாச்சர் நின்றார். நல்ல மனிதர். அவருக்கு முக்கோணத்தில் அக்கறை இல்லை.

பரீட்சைக்குச் சில வாரமே இருந்தது. அன்று கரும்பலகையில் சமன்பாடு ஒன்றைச் செய்து முடித்துவிட்டு, பழக்கதோஷத்தில் கேட்டேன்.

"வெளங்கிச்சா?"

சத்தம் இல்லை. வழக்கமாகச் சார்ஜன் தொடங்குவான், மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள். அவன் எழுந்து நின்றான். கை ஒருமுறை பட்டியைத் தொட்டுவிட்டுக் கீழே இறங்கியது.

"வெளங்கல டீச்சர்."

வகுப்பு ஒரு கணம் திகைத்தது. தலைவன் சொன்னால் திருப்பிச் சொல்லத்தானே அவர்களைப் பழக்கியிருந்தார்கள்.

"வெளங்கல டீச்சர்!"

கூரை முன்னைவிடப் பலமாக அதிர்ந்தது. அதிபர் ஓடிவந்தார். "என்ன டீச்சர், கலகமா?"

"இல்லங்க சார், ஒழுக்கம். தலைவர் சொன்னதைத்தான் சொல்றாங்க."

வகுப்பு மைதானத்தைச் சுற்றி ஓடியது. அன்று மாலைப் பெரட்டில் எல்லார் முன்னாலும் அவன் பட்டியைப் பிளேடால் அறுத்து எடுத்தார்கள்.

மறுநாள் அவன் கடைசி வாங்குப் பலகையில் இருந்தான். சட்டைக் கையில் பட்டி இருந்த இடம் மட்டும் வெளுக்காமல் புதுத் துணியாகத் தெரிந்தது. நான் சோக்கை எடுப்பதற்குள் அந்தக் கை உயர்ந்தது.

"டீச்சர், நேத்து அந்த ரெண்டாவது வரியிலதான் விட்டுட்டேன். அங்கேருந்து சொல்லுங்க."