மார்கழிக் கல்யாணத்துக்குத் தலைமை

என் வீட்டுக்காரர் சட்டமன்ற உறுப்பினராக இருந்த காலத்தில் எங்கள் வீட்டு அடுப்புக்கு ஓய்வே கிடையாது. விடிந்தால் வாசலில் ஆள் நிற்கும். பஸ் கேட்டு வருவார்கள், பாலம் கேட்டு வருவார்கள், பிள்ளைக்குப் பெயர் வைக்கச் சொல்லிக் கைக்குழந்தையோடு வருவார்கள். கூலிக்காரர் தெருவிலிருந்து சுடுகாட்டுக்குப் பிணத்தைச் சேற்றில்தான் தூக்கிப் போக வேண்டியிருந்தது; அலையாய் அலைந்து அங்கே பாதை போட வைத்தார். யார் வந்தாலும் நாற்காலியில் உட்காரவைத்துத்தான் பேசுவார். அதிலெல்லாம் நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மேடை என்று ஒன்று கிடைத்துவிட்டால் போதும், மனிதருக்குச் சோறு தண்ணீர் வேண்டாம்.

அதிலும் கல்யாண மேடை என்றால் உயிர். எங்கள் கட்சிக்காரர் வீட்டுக் கல்யாணங்களில் ஐயர் கிடையாது, ஓமம் கிடையாது, நல்ல நேரம் பார்ப்பதும் கிடையாது. தலைமை தாங்குகிறவர் தாலியை எடுத்துக் கொடுப்பார், மாப்பிள்ளை கட்டுவார். அதற்கு முன்னால் ஆளாளுக்கு வாழ்த்திப் பேசுவார்கள். பேச்சு முடிவதற்குள் மாப்பிள்ளைக்கு மீசை நரைத்துவிடும் என்று நான் கேலி செய்தால் அவருக்குக் கோபம் வரும்.

அந்த வருஷம் கீழத்தஞ்சையில் நடந்துகொண்டிருந்த அறுப்புத் தகராறு எங்கள் பக்கமும் வந்துவிட்டது. திருக்காட்டுப்பள்ளிக்கு அருகே ஓர் ஊரில், கூலி நெல்லைக் கூட்டித் தர மிராசுதாரைச் சம்மதிக்க வைத்தவர் இவர்தான். தாசில்தார் முன்னால் பேசி முடித்த விஷயம். கதிர் முற்றியதும் மிராசுதார் பேச்சை மாற்றிவிட்டார். வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து அறுக்கப் போகிறார் என்று செய்தி பரவியது.

அந்த ஊரிலிருந்து ஒரு பெண் எங்கள் வீட்டுக்கு வந்தாள். அவள் புருஷன்தான் அங்கே விவசாயத் தொழிலாளர் சங்கத்தை நடத்துகிறவர்.

"அறுப்பன்னிக்கு நீங்க வந்து வரப்புல நின்னாப் போதுங்கய்யா. நீங்க நிக்கிற எடத்துல ஒருத்தனும் கை ஓங்க மாட்டான். எங்க வூட்டுக்காரரு வயலை விட்டு ஏற மாட்டேங்கிறாரு. நீங்க இல்லேன்னா அவரை அடிச்சே போட்டுருவாங்க."

"லாரி வந்தா உடனே ஆள் அனுப்பும்மா. எங்க இருந்தாலும் வந்துடறேன்" என்றார் இவர். அதை வாய்க்கு வந்தபடி சொல்லவில்லை, போவதாகத்தான் இருந்தார்.

அந்த வாரமே மிராசுதார் வந்தார். கட்சிக் கரைவேட்டியைக் கண்டால் கதவைச் சாத்துகிற மனிதர், கையில் பழத்தட்டோடு நின்றார். தன் மகள் கல்யாணத்துக்கு இவர்தான் தலைமை தாங்க வேண்டுமாம். திருவையாற்றில் சத்திரம் பிடித்தாகிவிட்டதாம். ஐயர் வேண்டாம், எல்லாம் உங்கள் முறைப்படியே நடக்கட்டும் என்றார். தேதியைக் கேட்டால், மார்கழியில் வருகிறது.

"மார்கழியிலயா?" என்று கேட்டே விட்டேன்.

"உங்க வீட்டுக்காரர் பேச்சைக் கேட்டுக் கேட்டு நாங்களும் திருந்திட்டோம்மா" என்று சிரித்தார். நெற்றியில் விபூதி பட்டை பட்டையாக இருந்தது.

அவர் படி இறங்கியதும் நான் பிடித்துக்கொண்டேன். "ஏங்க, நகம் வெட்டக்கூட நாள் பாக்குற குடும்பம் அது. இதுல என்னமோ இருக்குங்க."

"உனக்கு எதுலதான் சந்தேகம் இல்லை? மிராசுதார் வீட்டு மேடையில நான் தாலி எடுத்துக் குடுக்கப்போறேன். எங்க அப்பா அந்த வீட்டுக் கொல்லைப்பக்கமா நின்னு கூழ் வாங்கிக் குடிச்சவரு. தெரியும்ல?"

கொள்கை ஜெயித்துவிட்டது என்று மனிதர் பூரித்துப் போயிருந்தார்.

கல்யாணத்தன்று மிராசுதாரே கார் அனுப்பினார். வழியெல்லாம் பனிமூட்டம், பக்கத்தில் ஓடுகிற காவிரி கண்ணில் படவில்லை. சத்திரத்தில் பெண்ணைப் பெற்றவள் முகத்தில் களையே இல்லை. என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டாள். தாலி ஏறுவதற்கு முன்னாலேயே ஒரு பந்தி முடிந்து எச்சில் இலைகள் குவிந்து கிடந்தன. யார் சாப்பிட்டது என்று பரிமாறுகிறவரிடம் கேட்டேன்.

"போலீஸ்காரங்கம்மா. எங்கியோ டியூட்டியாம். வெள்ளனவே சாப்பிட்டுக் கெளம்பிட்டாங்க."

இவரிடம் சொல்லலாம் என்றால், மேடையைச் சுற்றி ஆட்கள்.

மூன்றாவது ஆள் பேசிக்கொண்டிருந்தபோது வாசலில் சைக்கிளோடு ஒருவர் நிற்பதைப் பார்த்தேன். மிராசுதாரின் ஆட்கள் அவர் கையைப் பிடித்து, சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று பந்திக்கு இழுத்துக்கொண்டிருந்தார்கள். நான் ஓடினேன்.

"லாரி வந்துட்டும்மா. போலீசும் நிக்கிது. அய்யாவை வரச் சொல்லுங்க."

மேடையில் ஏறி இவர் காதில் சொன்னேன். உடனே எழுந்தார். அதை நான் இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் மிராசுதார் பொன்னாடையோடு குறுக்கே வந்து, தோளைப் பிடித்துக்கொண்டார்.

"தாலி எடுத்துக் குடுக்காம தலைவர் எந்திரிச்சுப் போனா சகுனம் என்னங்கய்யா ஆகும்? எம் பொண்ணு வாழ வேண்டாமா?"

சகுனம் பார்க்கிறவர்களை ஊர் ஊராகப் போய்க் கிண்டல் செய்தவர், உட்கார்ந்துவிட்டார். இன்னும் இரண்டு பேர்தான், முடித்துவிட்டு வருகிறேன் என்று எனக்குக் கையைக் காட்டினார். அந்த இருவரும் நாலைந்து பேராகப் பெருகினார்கள். கடைசியில் ஒலிபெருக்கி இவர் கைக்கு வந்தது. சுருக்கமாகத்தான் ஆரம்பித்தார். கைதட்டல் விழுந்தது. பேச்சு நீண்டது. மார்கழியில், மிராசுதார் வீட்டில், ஐயர் இல்லாமல் ஒரு கல்யாணம் என்று அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனபோது, கட்டிய புருஷன் என்றும் பார்க்காமல் ஒலிபெருக்கியைப் பிடுங்கி எறியலாம் போல எனக்கு ஆத்திரம் வந்தது. அதே பெண்ணுக்குத் தை பிறந்ததும் நல்ல நாளாகப் பார்த்து, ஐயரை வைத்து மறுபடியும் தாலி கட்டினார்கள் என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

தாலி ஏறியதும் வெளியே ஓடிவந்தோம். எங்களைக் கூட்டி வந்த காரும் இல்லை, டிரைவரும் இல்லை. வாடகைக் கார் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது பாதி வயல் அறுத்துக் கிடந்தது. லாரி இல்லை, போலீஸ் இல்லை. சங்கக் கொடி சேற்றில் மிதிபட்டுக் கிடந்தது. அடித்தது போலீஸ் என்று மிராசுதார் ஆட்களும், மிராசுதார் ஆட்கள் என்று போலீசும் பின்னால் சொன்னார்கள். தலையில் அடிபட்டது அந்தப் பெண்ணின் புருஷனுக்கு; தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிற வழியிலேயே உயிர் போய்விட்டதாம்.

அவள் தன் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள். சுற்றி நின்றவர்கள் எங்களுக்கு விலகி வழி விட்டார்கள். இவர் நெற்றியில் சத்திரத்தில் வைத்த சந்தனம் காயாமல் இருந்தது. நிமிர்ந்து அதைத்தான் பார்த்தாள்.

"கல்யாணம் நல்லபடியா முடிஞ்சுதாங்கய்யா?"

குத்திக்காட்டுகிற குரலே இல்லை. தெருவில் எதிரே வருகிறவரை விசாரிப்பது போலத்தான் கேட்டாள். அவள் காறித் துப்பியிருந்தால் தேவலை என்று எனக்கு இருந்தது.

"முடிஞ்சுதும்மா" என்றார் இவர்.