கெணத்துக் கொக்கியில முடி கனத்துல ஒரு கோடு

வெல்டிங் பட்டறைக்கு வர்றவங்க ஒடஞ்ச இரும்போட அவசரத்தையும் சேத்துத்தான் தூக்கிகினு வருவாங்க. கஸ்டமர்கிட்ட நியாயம் பேசி வாங்கிக் கட்டிகினவரா நீங்க? அப்ப நம்ம ஆளுதான். எண்பதுகள்ல நான் பாலிடெக்னிக் படிச்சிகினு, லீவுல ஆரணியில எங்க மாமா பட்டறையில இருந்தேன்.

ஒரு சொம்புத் தண்ணி

சேத்துப்பட்டுப் பக்கம் கெணறு வெட்டற முனுசாமி, ஒடஞ்ச கொக்கி ஒண்ணு கொண்ணாந்தாரு. அதுல வாளிய மாட்டித்தான் ஆளுங்க கெணத்துல எறங்குவாங்க. மறுநாள் எறங்கப் போறது அவரு தம்பி. மாமா பத்த வெச்சி முடிச்சதும், செவசெவன்னு இருந்த வெல்டு மேலயே முனுசாமி ஒரு சொம்புத் தண்ணிய ஊத்திட்டாரு. "அண்ணே, அறிவிருக்கா? இப்படித் திடீர்னு குளுந்தா கண்ணாடியாட்டம் ஒடஞ்சிடும்!"னு கத்தினேன். அவரு சொன்னாரு: "சூட்டோட பஸ்ஸுல ஏறினா கண்டக்டரு உடுவானா? நீ வேணா மடியில வெச்சிகினு வா."

ஈர ராடு

அதோட உட்டேனா? பக்கத்துல பட்டுநூல் சாயப் பட்டறை. அந்த ஆவி பூரா எங்க வெல்டிங் ராடு மேலதான். ஈர ராடுல பத்த வெச்சா உள்ள ஊசி ஓட்டை உழும், அங்கருந்து விரிசல் கெளம்பும், கனம் ஏறினா இரும்பு வளையாமலே பட்டுன்னு போயிடும்னு மாமாகிட்ட சண்ட போட்டேன். மாமா கண்ணாடிய நெத்திக்கு ஏத்தினாரு. "ஒடையும்னு சொல்றதுக்கா மூணு வருசம் படிக்கற? ஒடஞ்சிதானேடா வந்துச்சி!"

வரதன் இழுத்த இழை

தறிக்குக் கம்பி வளைக்க வந்து காத்துகினு இருந்த நெசவுக்காரர் வரதன், எங்க சண்டையில பேஜாராயி, கொக்கிய வாங்கி வெல்டு மேல ஒரு பட்டு இழையை இழுத்தாரு. ஒரு எடத்துல இழை மாட்டிகினு நின்னுச்சி.

கோவம் எங்க போச்சின்னே தெரியல. அந்த எடத்துல கிருஷ்ணாயில் தடவித் தொடச்சி, சாக்பீஸ் தூள் தூவினேன். கொஞ்ச நேரத்துல, விரிசலுக்குள்ள எறங்கின எண்ணெ மேல ஊறி, வெள்ளையில ஒரு ஈரக் கோடு, முடி கனத்துல. மாமா கொக்கிய வைஸ் இடுக்கியில மாட்டி சுத்தியால ஒரே அடி. வளையவே இல்ல, ரெண்டாச்சி. ஒடஞ்ச எடம் சக்கரையாட்டம் மினுமினுத்துச்சி. நடுவுல ரெண்டு ஊசி ஓட்டை. வரதன் இழையைச் சுத்திகினே சொன்னாரு: "பொடவையில இப்படி ஒரு கோடு இருந்தாலே மொதலாளி மூஞ்சில வீசுவாரு. நீங்க இதுல ஆள எறக்கப் பாத்தீங்களே!"

நான் வெச்ச வெல்டு

ராடை சாயப் பட்டறை அடுப்புல காய வெச்சி, நானே மறுபடி பத்த வெச்சி, சூட்டுச் சாம்பல்ல பொதச்சி மெதுவா ஆற உட்டேன். இழை எங்கயும் நிக்கல. சாக்பீஸ்ல கோடும் இல்ல. "யானையே தொங்கலாம், எடுத்துகினு போங்க"ன்னேன். முனுசாமி கொக்கியத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டுக் கேட்டாரு: "சரி தம்பி, நாளைக்கு வாளியில மொதல்ல நீ எறங்கறியா?"

எல்லாத்துக்கும் பதில் வெச்சிருந்த நான், புதுக் கொக்கி வாங்க அவரு கூடவே கடைத்தெருவுக்கு நடந்தேன்.