பட்டியலின் எட்டாவது பெயர்

நாகலூர் பஸ் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்பதே முக்காலுக்குத்தான் ஏற்காடு வந்து சேரும். எங்கள் கூடைப்பந்துப் பயிற்சி பத்து மணிக்கு. பஸ் ஸ்டாண்டிலிருந்து சர்ச் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கிற சிமெண்டு கோர்ட்டுக்கு மேட்டில் நடந்து வர இருபது நிமிடம் பிடிக்கும். ஆனால் நாகலூரிலிருந்து வந்த அந்தப் பெண் மட்டும் மூன்று வாரமாக எங்கள் எல்லாருக்கும் முன்பே வந்து, போர்டுக்குக் கீழே கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். அவள் நடந்து வந்ததை நான் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. எனக்கு முதலில் உறுத்தியது அதுதான்.

சந்தேகப்படுவது என் தொழிலில் பாதி. பள்ளி அலுவலகத்தில் பதினான்கு வருடமாக வேலை செய்கிறேன். பிறந்த தேதியைத் திருத்தி எழுதிய சான்றிதழ், வேறு பள்ளியின் சீல் குத்திய மாற்றுச் சான்றிதழ் என்று எத்தனையோ பார்த்தாகிவிட்டது. காகிதத்தை நீட்டுகிறவரின் கையைப் பார்த்துவிட்டுத்தான் காகிதத்தைப் பார்ப்பேன். ஞாயிற்றுக்கிழமை கோர்ட்டுக்கு வரும்போது அந்தப் புத்தியை வீட்டில் விட்டுவிட்டு வர எனக்குத் தெரியாது.

நாங்கள் ஏழு பேர். எல்லாரும் வேலைக்குப் போகிற பெண்கள். கேப்டன் மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ். மூன்று பேர் டீச்சர்கள், ஒருத்தி ஓட்டல் ரிசப்ஷனில் இருக்கிறாள், ஒருத்தி தபால் அலுவலகம். ஏழாவது நான். வயதில் எல்லாருக்கும் மூத்தவள், உயரத்திலும் நான்தான். அதனால் ரிங்குக்குக் கீழே நின்று, உள்ளே விழாமல் திரும்புகிற பந்தைப் பிடித்து ரீபவுண்ட் எடுப்பது எப்போதும் என் வேலை. எங்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் ஓய்வு பெற்ற பி.டி. வாத்தியார். அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம்.

சேலத்தில் நடக்கும் மாவட்டப் பெண்கள் லீக்கில் சேர எட்டுப் பேர் பட்டியல் கேட்டார்கள். எட்டுக்கு ஒன்று குறைந்தாலும் பதிவு இல்லை, கொடுத்த பிறகு மாற்றவும் முடியாது. எட்டாவது இடத்துக்கு இரண்டு பேர் இருந்தார்கள். ஒருத்தி கொட்டச்சேட்டிலிருந்து வரும் தையல் டீச்சர். கைகால் நன்றாக இருந்தன, உற்சாகமும் இருந்தது. ஆனால் பந்து தன் பக்கம் வந்தால் கண்ணை மூடிக்கொள்வாள். இன்னொருத்தி இந்தப் பெண். இருபத்தோரு வயது, என்னைவிட ஒரு விரல் உயரம். அப்பா ஒரு காப்பி எஸ்டேட்டில் ஜீப் ஓட்டுகிறார். விளையாட்டு ஒதுக்கீட்டில் கோயம்புத்தூரில் காலேஜில் சேர்ந்து, அங்கே டீமில் முதல் ஐந்து பேரில் ஒருத்தியாக ஆடியவள். ஒரு மேட்சில் விழுந்து முழங்காலில் அடிபட்டு ஊருக்கு வந்திருந்தாள்.

"ஆறு வாரத்துல ஓடுவா" என்றார் மாஸ்டர். "லீக்குக்கு எட்டு வாரம் கெடக்குது. அப்புறம் என்னங்க?"

அவள் ஓடவில்லை. நின்ற இடத்திலிருந்து போட்டாள். மாஸ்டர் பந்தை எடுத்துக் கொடுக்க, அவள் போட்டுக்கொண்டே இருப்பாள். வலையில் உரசும் சத்தம் மட்டும் கேட்கும். பந்து கையை விட்டுப் போனதும் அவள் ரிங்கைப் பார்க்கக்கூட மாட்டாள், அடுத்த பந்துக்குக் கையை நீட்டுவாள். இருபது வருடமாக விளையாடுகிறேன், எனக்கு அப்படி ஒரு கை வாய்க்கவில்லை. அவள் ஓட ஆரம்பித்தால் ரிங்குக்குக் கீழே யார் நிற்பார்கள் என்று யாரும் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றில்லை.

இரண்டாவது ஞாயிறு நான் ஒன்றைக் கவனித்தேன். அவள் வலது முழங்காலில் கறுப்பு எலாஸ்டிக் பட்டை மாட்டியிருந்தாள். ஆனால் தரையிலிருந்து எழும்போது பாரத்தையெல்லாம் அந்த வலது காலில்தான் ஊன்றினாள். இடது காலைத் தூக்கி வைத்தாற்போல் தனியாக வைத்துக்கொண்டாள். அடிபட்ட காலை ஊன்றி யாராவது எழுந்திருப்பார்களா? அப்படியென்றால் அடியே பொய்யா? காலேஜிலிருந்து வேறு ஏதோ காரணத்துக்காக அனுப்பிவிட்டார்களா?

மாஸ்டரிடம் ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கேட்டேன்.

"ஏனுங்க மேடம், உங்க ஆபீஸ் புத்தியை இங்க கொண்டாராதீங்க" என்றார். "டாக்டர் சொன்னதை நாஞ் சொல்றன். போதாதுங்களா?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் ரிப்போர்ட் இருக்கிறது என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு சர்ச்சில் காலைப் பூசைக்குப் போய்விட்டு, வீட்டுக்குத் திரும்பாமல் எட்டரை மணிக்கே கோர்ட்டுக்குப் போனேன். சர்ச்சின் காப்பிக்கொட்டை பாதி கோர்ட்டில் காயப் போட்டிருந்தது. அதை ஒதுக்கிப் பெருக்குகிற சாக்கில் துடைப்பத்தோடு நின்றேன். பனி இன்னும் கலையவில்லை. கொஞ்ச நேரத்தில் மேல் கேட்டில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. மாஸ்டருடைய ஸ்கூட்டர். பின்னால் அவள் இருந்தாள்.

கேட்டிலிருந்து கோர்ட்டுக்குப் பன்னிரண்டு படிகள். மாஸ்டர் முதலில் இறங்கி இரண்டு பக்கமும் பார்த்தார். பனியில் நான் அவர் கண்ணில் படவில்லை. அவள் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, ஒவ்வொரு படிக்கும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து வைத்து இறங்கினாள். தடுமாறியது இடது கால். நடுப்படியில் அந்த முழங்கால் பக்கவாட்டில் வழுக்கியது போல் ஒரு ஆட்டம் ஆடியது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

மாஸ்டர் பந்து அறைச் சாவி வாங்க சர்ச்சுப் பக்கம் போனதும் நான் அவளிடம் போனேன். என்னைக் கண்டதும் அவள் முகம் வெளுத்தது.

"அடி எந்தக் கால்ல கண்ணு?" என்று கேட்டேன்.

அவள் கை வலது முழங்கால் பட்டைக்குப் போயிற்று.

"பட்டை வலது கால்ல. நொண்டறது இடது கால்ல. யாரை ஏமாத்தறே?"

"ஏமாத்தலீங்க்கா" என்றாள். குரல் நடுங்கவில்லை, கோபமாகத்தான் இருந்தது. "மொத தடவை சுளுக்குனப்ப இடது கால்லதான் பட்டை போட்டு ஆடுனனுங்க. எதிர் டீம் பொண்ணு அதைப் பாத்துட்டு அதே கால்மேல வந்து உழுந்தா. அன்னைக்குத்தான் ஜவ்வு அறுந்துச்சு. அதுல இருந்து நல்ல கால்லதான் போடறனுங்க. யாரையும் நம்பறதில்ல."

"இங்க யாரு உன் கால்ல வந்து உழப் போறாங்க? எங்களையுமா நம்பலே?"

"உங்களைத்தானுங்க்கா மொதல்ல" என்றாள். "வந்த நாள்ல இருந்து நீங்க என் கையைப் பாக்கலீங்க, காலையே பாத்துட்டு இருக்கறீங்க. உங்க எடத்துக்குத்தான நான் வர்றன்."

நான் அவளை வேவு பார்த்த மூன்று வாரமும் அவளும் என்னைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

அப்புறம் அவளாகவே சொன்னாள். முக்கியமான ஜவ்வு முழுதாக அறுந்திருக்கிறது. ஆபரேஷன் செய்தால் ஆடத் தொடங்க ஒன்பது மாதமாவது ஆகும் என்றார் டாக்டர். ஆபரேஷன் என்ற வார்த்தைக்கே அப்பா பயப்படுகிறார், அவரிடம் வெறும் சுளுக்கு என்று சொல்லி வைத்திருக்கிறாள். மாஸ்டருக்கு முதல் நாளே ரிப்போர்ட்டைக் காட்டிவிட்டாளாம். "ஆறு வாரமுன்னு சொல்லு சாமி, பட்டியல்ல பேரு ஏறட்டும், மத்ததை நான் பாத்துக்கறன்னு சொன்னாருங்க. பேரு எங்கயாச்சும் இருந்தாத்தான் காலேஜ்ல என்னை மறக்க மாட்டாங்க. அதான் சரீன்னுட்டனுங்க."

"வியாழக்கெழமை எல்லாரும் உக்காந்து முடிவு பண்றோம். நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

"நானே சொல்றனுங்க."

அன்று வீட்டுக்கு நடக்கும்போது என் நடையில் ஒரு துள்ளல் இருந்தது. அதை நானே கவனித்து நின்றுவிட்டேன். ஒரு சின்னப் பெண்ணின் கால் போயிருக்கிறது, எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது. நான் சந்தேகப்பட்டது சரியாகிவிட்டது என்பதற்காக என்று சொல்லிக்கொண்டேன். அதையும் நான் முழுதாக நம்பவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் கேப்டனுடைய குவார்ட்டர்ஸில் கூடினோம். மாஸ்டரும் அவளும் வந்திருந்தார்கள். கேப்டன் எல்லாருக்கும் காப்பி கொடுத்தாள். பட்டியல் படிவத்தில் ஏழு பெயர்கள் எழுதியாகிவிட்டிருந்தன.

"எட்டாவது பேரு இவதான். எழுதுங்க" என்றார் மாஸ்டர்.

நான் அவளைப் பார்த்தேன். அவள் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்ல மாட்டாள் என்று எனக்குத் தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை சொன்னதெல்லாம் அந்த நேரத்துக்கு என் வாயை அடைக்கச் சொன்னது என்று நினைத்தேன். கேப்டன் பேனாவைத் திறந்துவிட்டாள். நான் வாயெடுக்கப் போன நொடியில், அவள் பையிலிருந்து பெரிய உறையை எடுத்துக் கேப்டன் மடியில் வைத்தாள்.

கேப்டன் உள்ளே இருந்த தாளை இரண்டு முறை படித்தாள். "இது முழுசா அறுந்திருக்குங்க மாஸ்டர். ஆறு வாரமெல்லாம் இல்லீங்க. இதோட ஆடுனா உள்ள மிச்சம் இருக்கறதும் தேஞ்சு போகும்."

மாஸ்டர் தாளை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. அவள் பக்கம் திரும்பினார். "என்ன கண்ணு இது? எங்கிட்ட நீ இப்படிச் சொல்லவே இல்லியே?"

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அழவில்லை, வாதாடவும் இல்லை. மற்ற ஐந்து பேர் கண்ணிலும் அவள்தான் பொய்க்காரி என்பது தெரிந்தது. ஒரு கணம் எனக்கும் அப்படித் தோன்றிற்று. மாஸ்டர் பெயரை அவள் வீணாக இழுத்தாளோ? பிறகு அந்தப் பனியில் அவர் இரண்டு பக்கமும் பார்த்த பார்வை ஞாபகம் வந்தது.

"மாஸ்டர், மூணு வாரமா இந்தப் பொண்ணை நாங்க யாரும் வர்றதுக்கு முந்தி கூட்டியாந்து எறக்கி உடறது யாருங்க?" என்றேன். "அவ படியெறங்கறதை நீங்க பாக்கலீங்களா?"

அவர் காப்பியைக் குடித்து முடித்தார். டம்ளரைக் கீழே வைத்தார். "டீம் ஒரு தடவையாச்சும் ஜெயிக்கோணுமுன்னு நெனச்சது தப்புங்களா?" என்று யாரையும் பார்க்காமல் கேட்டார். எழுந்து வெளியே போனார். ஸ்கூட்டர் கிளம்பும் சத்தம் கேட்டது.

அதன் பிறகுதான் உண்மையான பேச்சு நடந்தது. பெயரை மட்டும் சேர்த்துக்கொள்ளலாம், பெஞ்சில் உட்காரட்டும் என்றாள் ரிசப்ஷன்காரி. "உக்காந்துக்கறனுங்க, சத்தியமா எறங்க மாட்டனுங்க" என்றாள் அவளும். கேப்டன் என்னைப் பார்த்தாள். "அக்கா, நீங்க என்ன சொல்றீங்க?"

"வேண்டாம்" என்றேன். "கடைசி ரெண்டு நிமிஷத்துல ரெண்டு பாயிண்ட் பின்னால இருந்தா இவளை எறக்கோணுமுன்னு நமக்கே தோணும். எனக்கே தோணும். இவளுக்கும் தோணும்."

"எனக்காகச் சொல்றீங்களா, உங்களுக்காகச் சொல்றீங்களாக்கா?" என்று அவள் நேராகக் கேட்டாள்.

எல்லாரும் இருந்தார்கள். மழுப்பியிருக்கலாம். "ரெண்டுக்குந்தான்" என்றேன். "எது எவ்வளவுன்னு எனக்கே தெரியல."

எட்டாவதாகத் தையல் டீச்சரின் பெயர் ஏறியது.

அடுத்த சனிக்கிழமை கேப்டனும் நானும் நாகலூருக்குப் போனோம். அவளுடைய அப்பா எஸ்டேட் ஜீப்பைக் கழுவிக்கொண்டிருந்தார். எங்களை வீட்டுக்குள் கூப்பிட்டு உட்கார வைத்து, கேப்டன் சொன்னதையெல்லாம் நின்றபடியே கேட்டார். "நீங்க எதுக்குங்க இவ்வளவு தூரம் வந்து சொல்றீங்க? டீம்ல சேத்துக்கலைன்னுதான கேள்விப்பட்டன்?" என்று என்னைக் கேட்டார். எங்களுக்கு இதில் என்ன ஆதாயம் என்று அவருக்கும் சந்தேகம். எனக்குக் கோபம் வரவில்லை. அவர் இடத்தில் நானும் அதைத்தான் கேட்டிருப்பேன். கேப்டன் காகிதத்தில் முழங்காலை வரைந்து காட்டி ஒரு மணி நேரம் பேசினாள். மறுமாதம் அந்தப் பெண் குப்பனூர் வழியாக மலையிலிருந்து கீழே இறங்கி, சேலத்தில் ஆபரேஷன் செய்துகொண்டாள்.

லீக்கில் நாங்கள் நான்கில் மூன்று தோற்றோம். ஜெயித்த ஒன்றில் தையல் டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு போட்ட பந்து ஒன்று உள்ளே விழுந்தது. மாஸ்டர் ஒரு மேட்சுக்கும் வரவில்லை. அதன் பிறகு கடைத்தெருவில் பார்த்தால் தலையை ஆட்டுவார், நானும் ஆட்டுவேன்.

இந்த வருடப் பட்டியல் எழுதும் நேரத்தில் நானே அவளுக்கு போன் செய்தேன். ஓடுகிறேன், குதிக்கிறேன், டாக்டர் கையெழுத்தே போட்டுக் கொடுத்துவிட்டார் என்றாள். எட்டாவது இடம் உனக்குத்தான் என்றேன்.

"நொம்ப சந்தோசமுங்க்கா. ஆனா சேலத்துல ஒரு டீம்ல சேந்துட்டனுங்க."

யார் கூப்பிட்டார்கள், மாஸ்டர் ஏற்பாடா, என்ன சொல்லி இழுத்தார்கள் என்று வரிசையாகக் கேட்டேன். அவள் சிரித்தாள். "யாரும் இழுக்கலீங்க. நானாத்தான் போனன். உங்க டீம்ல ஆடுனா, நீங்க பந்தைப் பாக்க மாட்டீங்க, என்னையத்தான் பாத்துட்டு இருப்பீங்க."

லீக்கின் இரண்டாவது ஆட்டம் அவர்களோடு. ரிங்குக்குக் கீழே அவளைத் தடுக்க வேண்டியவள் நான். முதல் பாதியிலேயே என் தலைக்கு மேலாக ஆறு முறை போட்டாள். மூன்றாவது தடவை எனக்குத் தெரியாமலே கைதட்டிவிட்டேன். கேப்டன் என்னை முறைத்தாள். நாங்கள் நன்றாகவே தோற்றோம்.