அம்மாவின் சிறுநீரகம் மாமாவிடம் இருந்த காலம்

வெள்ளவத்தை வாழ் பெருமக்களுக்கு ஆழ்ந்த பொறுப்புணர்வோடு அறியத்தருவது: நீண்டகாலம் நோய்வாய்ப்பட்டு, இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் இடையில் இழுத்துக்கொண்டு கிடந்த எங்கள் தொடர்மாடி லிஃப்ட், சென்ற செவ்வாய் காலை பூரண குணமடைந்தது. இத்தகவலை உற்றார், உறவினர், நண்பர்கள் ஏற்றுக்கொள்ளவும். அதில் ஏறி நான் கீழே இறங்கும்போதுதான் ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்தது. லிஃப்ட் தேறிவிட்டது. ரகு மாமா தேறவில்லை.

மாமா, அம்மாவின் தம்பி. காலி வீதியில் அவரிடம் போன் திருத்தக் கொடுத்த உங்கள் எல்லோருக்கும் அவருடைய தாரக மந்திரம் தெரியும்: "நாளைக்கு வாங்கோ." அவருடைய சிறுநீரகங்களும் ஒருநாள் அவரிடம் அதையே சொல்லத் தொடங்கின. அம்மா தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்தார். சின்ன வயதில் மாம்பழத் துண்டுக்குக்கூட அடிபட்டவர்கள், இதை மட்டும் சண்டையில்லாமல் பங்கு போட்டார்கள்.

"என்ர சாமான். கவனமா வைச்சிரு" என்றார் அம்மா.

"வாரன்டி இருக்கோ அக்கா?" என்றார் மாமா.

இருக்கவில்லை. சில வாரங்களில் மாமாவின் கைகளில் ஊதாப் புள்ளிகள். இரத்தப் பரிசோதனையில் பிளேட்லெட் விழுந்து கிடந்தது. கொழும்பில் பிளேட்லெட் குறைந்தால் டெங்கு. டெங்கு என்றால் பப்பாசி இலைச் சாறு. எங்கள் தொடர்மாடி முழுக்க ஒரே இரவில் டொக்டர்மார். சோடாப் போத்தல்களில் பச்சைச் சாறு வந்து குவிந்தது. கிளினிக்குக்குச் சொல்லாமல், கண்ணை மூடிக்கொண்டு மாமா குடித்தார். "கொல்லுறதெண்டால் ருசியான ஒண்டால கொல்லுங்கோவன்" என்றார். சிறுநீர் கோலா நிறத்தில் போன பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

அங்கிருந்த பெண் டொக்டர் போத்தல் கதையைக் கேட்டுத் தலையில் கை வைத்தார். "டெங்கு இல்லை. சின்னச் சின்ன இரத்தக் குழாய்களுக்குள்ள இரத்தம் உறைஞ்சு கட்டியாகுது. பிளேட்லெட் எல்லாம் அங்கதான் செலவாகுது. கிட்னிக்கு இரத்தம் போறதில்லை." மாற்றுச் சிறுநீரகம் வைத்தவர்களில் அபூர்வமாக வருவதாம். புதிய சிறுநீரகத்துக்குக் காவலாகக் கொடுத்த மாத்திரையே காரணமாக இருக்கலாமாம். காவலாளியே வீட்டுக்குத் தீ வைத்தது மாதிரி. அந்த மாத்திரையை நிறுத்தினார்கள். இயந்திரம் ஒன்று மாமாவின் இரத்தத்தை இழுத்து, அதிலிருந்த பிளாஸ்மாவைக் கழித்துவிட்டு, யாரோ தானம் செய்த பிளாஸ்மாவைச் சேர்த்துத் திருப்பி அனுப்பியது.

"ஆரோ ஒரு சிங்களத் தம்பியின்ர பிளாஸ்மாவடா" என்றார் மாமா. "நாளைக்கு எனக்குச் சிங்களம் தண்ணி மாதிரி வரும்."

பிளேட்லெட் ஏறியது. சிறுநீரகம் எழும்பவில்லை. மறுபடி டயாலிசிஸ்.

இனி என்னுடைய சாதனை. அம்மாவுக்கு இருமல் என்பதால் வார்டுக்குள் விடவில்லை, தூதுவன் நான். மாமா என் காதைப் பிடித்து இழுத்துச் சொன்னார்: "கிட்னி செத்துட்டுதடா. கொம்மாவுக்கு மட்டும் சொல்லிப்போடாதை." வீட்டுக்கு வந்தால் அம்மா: "டொக்டர் கோல் எடுத்தவ. எல்லாம் முடிஞ்சுது. மாமாவுக்கு மூச்சு விடாதை, உடைஞ்சுபோவான்." அங்கே போய் "அம்மா நல்ல சந்தோசம்" என்றேன். இங்கே வந்து "மாமா வாளி வாளியா மூத்திரம் போறார்" என்றேன். மாமாவின் நெஞ்சில் கிருமி தொற்றி, வாயில் செயற்கைச் சுவாசக் குழாய் போடும்வரை இரண்டு பக்கமும் ஓடினேன். ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. நடிப்பில் என்னை அடிக்க இந்தக் கரையோரத்திலேயே ஆளில்லை என்று செத்தவீட்டுக்கு வந்த கொட்டாஞ்சேனைச் சொந்தக்காரருக்கெல்லாம் அளந்துவிட்டேன்.

அம்மா கேட்டுக்கொண்டிருந்தார்.

"விசரா, தம்பி அண்டைக்கே எனக்குக் கோல் எடுத்துச் சொல்லிப்போட்டான். ரெண்டு பேரும் சேர்ந்து அழுதும் முடிச்சிட்டம். உன்னை என்ன செய்யிறதெண்டுதான் யோசிச்சம். ஆளுக்கொரு ரகசியத்தை இவனிட்டக் குடுத்து விடுவம், குந்தியிருந்து அழாமல் ஓடித்திரிவான் எண்டு அவன்தான் சொன்னவன்."

ஆகவே, சபையோரே, நான் யாரையும் ஏமாற்றவில்லை. நான் அவிழ்த்த ஒவ்வொரு பொய்யையும் மாமா முகம் மாறாமல், ஊசி ஏறிய கையோடு கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். என்னிடம் அவர் விட்டுப்போனது அந்த ஒரு பகிடிதான். திருப்பி அவருக்குச் செய்ய ஆளைக் காணவில்லை.